வோட்டில்லாத முப்பது வருஷத்தையும் எழுதுங்க ஐயா

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல இலங்கை மலையக தோட்டத் தொழிலாளிங்களோட தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் நினைவா ரெண்டு பக்கம் போட்டிருந்தீங்க. எங்க வீட்டுல பேத்தி சத்தமா வாசிச்சா, நான் கண்ணாடி இல்லாம கேட்டுக்கிட்டு இருந்தேன். படமெல்லாம் நல்லா இருந்துச்சு, மினிஸ்டரா இருந்தப்ப நாடா வெட்டுனது, ஜனாதிபதிங்க கூட நிக்கிறது, மாலை போட்டுக்கிட்டு மேடையில இருக்கிறது எல்லாம் இருந்துச்சு. வாசிச்சு முடிச்சிட்டு புள்ள கேட்டா, "அம்மாயி, 1947ல எம்.பி ஆனாருன்னு போட்டிருக்கு, 1978ல மினிஸ்டர் ஆனாருன்னு போட்டிருக்கு, நடுவுல அவரு என்ன செஞ்சாரு?" அவ்வளவுதான் கேட்டா, எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. ரெண்டு பக்கம் போட்ட பேப்பர்ல அந்த முப்பது வருஷத்துக்கு ரெண்டு வரி கூட இல்ல. அந்த முப்பது வருஷத்துலதான் ஐயா எங்க அம்மா அப்பாவோட முழு வாழ்க்கையும் இருக்கு, அதனாலதான் எழுதுறேன்.

நான் 1961ல தலவாக்கலை பக்கம் ஒரு தேயிலை தோட்டத்துல, வரிசை வீடான லயத்துல பொறந்தவ. அம்மா கொழுந்து எடுத்தாங்க, அப்பா தேயிலை செடிய கவ்வாத்து வெட்டுனாரு. தோட்டத்து பள்ளிக்கூடத்துல படிச்சு, அப்புறம் தோட்டத்து பள்ளிக்கூடங்கள்லயே படிச்சு குடுத்து ரிடையர் ஆனேன். எந்த கட்சியிலயும் நான் பதவியில இருந்தது கிடையாது, யாருக்கும் ஆதரவு தேடவும் இத எழுதல.

அவரு 1913 ஓகஸ்ட் 30ல தமிழ்நாட்டுல முனப்புதூர்ல பொறந்தாரு, இப்ப அது சிவகங்கை மாவட்டம். அப்பா கருப்பையா இங்க பொழைக்க வந்து கஷ்டப்பட்டு மேல வந்து ரம்பொடையில வேவண்டன் தோட்டத்தையே வாங்குன மனுஷன். புள்ளைய 1924ல இங்க கூட்டிட்டு வந்து கம்பளையில சென் அன்ட்ரூஸ் காலேஜ்ல படிக்க வெச்சாங்க. தோட்டத்துக்கு சொந்தக்காரர் தொழிலாளிக்கு தலைவரான்னு சில பேரு இன்னைக்கும் கேக்குறாங்க, எங்க லயத்துலயும் அந்த பேச்சு இருந்துச்சு. எங்க அப்பா அதுக்கு சொல்ற பதில் என்னன்னா, தோட்டத்து மேனேஜர் துரைமாருக்கு முன்னால செருப்ப கழட்டிட்டு கைய கட்டி நிக்காம, நாற்காலிய இழுத்து போட்டு உக்காந்து பேச நமக்கு ஒரு ஆள் வேணும்ல, அதுக்கு அவரு தோட்டத்துக்காரரா இருந்தா இருந்துட்டு போகட்டும். அப்பா சொன்னது சரின்னுதான் நானும் நினைக்கிறேன், ஆனா அந்த கேள்விய கேக்குறவங்க தப்பானவங்கன்னு சொல்ல மாட்டேன்.

அவருக்கு முந்தியும் மலையகத்துக்கு அரசியல் இருந்துச்சுங்கிறத புள்ளைங்களுக்கு சொல்லணும். 1931ல ஹட்டன்ல இருந்து அரசாங்க சபைக்கு போன பெரி. சுந்தரம் அப்பவே தொழில் மந்திரி. 1936ல அதே ஹட்டன்ல இருந்து போன கோ. நடேசய்யர் தோட்டத்துக்குள்ள யூனியன்ங்கிற வார்த்தையவே கொண்டு வந்தவரு, அவரு சம்சாரம் மீனாட்சி அம்மா பாட்டு பாடி சனங்கள திரட்டுனவங்க. அப்புறம் 1939ல நேரு வந்து போன சமயத்துல இலங்கை இந்தியன் காங்கிரஸ் உண்டாச்சு, அதுல கம்பளை பக்கத்து ஆளா உள்ள வந்தவருதான் தொண்டமான்.

1947 எலக்சன்ல அவரு நுவரெலியாவுல ஜெயிச்சாரு. சி.வி. வேலுப்பிள்ளை தலவாக்கலையில, கே. இராஜலிங்கம் நாவலப்பிட்டியில, கே. குமாரவேலு கொட்டகலையில. எங்க தாத்தாவும் வோட்டு போட்டாராம். காலையில வேலைக்கு பேர் கூப்பிடுற பெரட்டு களத்துல நிக்கிற மாதிரி விடிய முந்தியே போய் வரிசையில நின்னோம்னு சொல்லுவாரு. ஆனா தாத்தா அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் இன்னொரு தடவை வோட்டு போடல.

ஏன்னா சுதந்திரம் கிடைச்ச அதே 1948ல பிரஜாவுரிமை சட்டம் வந்துச்சு, 18ஆம் இலக்க சட்டம். இந்த மண்ணுல பொறந்தா மட்டும் போதாது, அப்பன் இங்க பொறந்தான், இல்லன்னா தாத்தனும் பூட்டனும் இங்க பொறந்தாங்கன்னு காகிதத்துல காட்டணும். லயத்துல பொறந்த புள்ளைக்கு யாரு காகிதம் வெச்சிருந்தா. அடுத்த வருஷம் 1949ல இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமை சட்டம் ஒண்ணு, அதே வருஷம் எலக்சன் சட்டத்த திருத்தி பிரஜாவுரிமை இல்லாதவங்களுக்கு வோட்டே இல்லன்னு ஆக்குனாங்க. 1952 எலக்சன் வந்தப்ப லிஸ்ட்ல எங்க ஆளுங்க பேரெல்லாம் இல்ல. நாலஞ்சு வருஷத்துக்கு முந்தி ஆள் அனுப்புன சனங்களுக்கு பாராளுமன்றத்துல ஒரு ஆள் இல்ல. தொண்டமான் கொழும்புல சத்தியாக்கிரகம் இருந்தாரு, சனங்க மாறி மாறி போய் உக்காந்தாங்க, சட்டம் மாறல.

இந்த இடத்துல ஒரு நிமிஷம் யோசிச்சு பாருங்க ஐயா. அரசியல்வாதின்னா வோட்டு. வோட்டு இல்லன்னா அடுத்த நாள்ல இருந்து அவன் யாரு? தொண்டமானுக்கு காசு இருந்துச்சு, தோட்டம் இருந்துச்சு, வேற தொழில் பாத்துக்கிட்டு நிம்மதியா இருந்திருக்கலாம். வோட்டு இல்லாத சனத்த வெச்சுக்கிட்டு இவரு என்ன அரசியல் பண்ண போறாருன்னு அப்ப கேட்டவங்க நெறைய பேரு. அவரு பண்ணுனாரு. அத எப்படி பண்ணுனாருங்கிறதுதான் பேத்தியோட கேள்விக்கு பதில்.

எங்க வீட்டுல நான் பாத்தத சொல்றேன். சம்பளம் போட்ட அன்னைக்கு சாயங்காலம் தோட்டத் தலைவர் ஒரு நோட்டு புத்தகத்தோட லயத்துக்கு வருவாரு. தோட்டத் தலைவர்னா பெரிய ஆள் இல்ல, அவரும் மலையில வேலை செய்யிற தொழிலாளிதான், காங்கிரஸ் யூனியனுக்கு அந்த தோட்டத்துல பொறுப்பு அவருக்கு. ஒவ்வொரு வீட்டு காம்பராவுலயும் நின்னு சந்தா வாங்குவாரு, ரசீது எழுதி குடுப்பாரு. அம்மா முந்தானை முடிச்ச அவுத்து சில்லறைய எண்ணி வெப்பாங்க. அரிசிக்கு பத்தாத மாசத்துலயும் சந்தாவ மட்டும் நிறுத்துனது கிடையாது. எனக்கு சின்ன வயசுல கோவம் வரும், எனக்கு ஒரு கொப்பி வாங்க காசு இல்ல, இதுக்கு மட்டும் எங்க இருந்து வருதுன்னு. அம்மா ஒருநாள் சொன்னாங்க, "நமக்குன்னு பேர் எழுதி கையெழுத்து போட்டு தர்ற எடம் இது ஒண்ணுதான்டி." அப்ப எனக்கு புரியல.

இப்ப புரியுது. வோட்டு சீட்டு இல்லாத சனத்துக்கு அந்த சந்தா ரசீதுதான் வோட்டு சீட்டு. மத்த ஊர்ல அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை வோட்டு போடுவாங்க, எங்க அம்மா மாசா மாசம் போட்டாங்க. புடிக்கலன்னா சந்தாவ நிறுத்திட்டு வேற யூனியனுக்கு போகலாம், நெறைய பேரு போனாங்க, அம்பதுகளுக்கு நடுவுல காங்கிரஸ்ல இன்னொரு தலைவரா இருந்த அஸீஸ் பிரிஞ்சு போனப்ப எங்க லயத்துலயே பாதி காம்பரா அந்த பக்கம் பாதி காம்பரா இந்த பக்கம், ஒரே பீலியில தண்ணி புடிச்சுக்கிட்டு பேசாம இருந்தாங்களாம். ஒரு தலைவரோட கணக்கு மாசா மாசம் சில்லறையில வந்து நிக்கும். மினிஸ்டர் ஆகுறதுக்கு முந்தி இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல அந்த கணக்குக்கு பதில் சொல்லி நின்னாரே, எனக்கு அவரோட பெரிய வேலை அதுதான்.

இன்னொண்ணு வேலைநிறுத்தம். தேயிலை காத்திருக்காது ஐயா, ஏழெட்டு நாளைக்கு ஒருதரம் மலைய சுத்தி வந்து எடுக்கலன்னா கொழுந்து முத்திடும், அப்புறம் வெட்டி எறியணும். இஸ்டோர், அதான் தேயிலை ஃபேக்டரி, நிக்கும். நாட்டுக்கு வர்ற வெளிநாட்டு காசுல பாதிக்கு மேல தேயிலையில வந்த காலம் அது. பாராளுமன்றத்துல எங்களுக்கு வாய் இல்லாட்டியும் கொழும்புல இருந்தவங்களுக்கு நாங்க கைய கட்டி நின்னா கேட்டுச்சு. அத எப்ப செய்யணும் எப்ப செய்யக்கூடாது, எத்தனை நாள் செஞ்சா சனங்க பட்டினி கிடக்காம தாங்குவாங்க, எந்த நாள்ல பேச உக்காரணும், இந்த கணக்குல அவர மிஞ்ச ஆள் இல்லன்னு எதிர் யூனியன்காரங்களே சொல்லுவாங்க.

அந்த 1949 பிரஜாவுரிமை சட்டத்துப்படி மனு போடுற விஷயம் பத்தியும் கொஞ்சம் சொல்லணும். கல்யாணம் ஆனவங்கன்னா 7 வருஷம், ஆகாதவங்கன்னா 10 வருஷம், 1946 ஜனவரி 1க்கு முந்தி விடாம இந்த நாட்டுலயே இருந்தோம்னு காட்டணும். ரெண்டு வருஷத்துக்குள்ள மனு போடணும். காங்கிரஸ் முதல்ல இந்த சட்டமே அநியாயம்னு மனு போடாதீங்கன்னு சொல்லுச்சு, அப்புறம் கடைசி நேரத்துல போடுங்கன்னு சொல்லி ஆபிஸ் ஆபிஸா ஆள வெச்சு எழுதி குவிச்சாங்க. முதல்ல பகிஷ்கரிச்சதுல போன நாள் பெரிய நஷ்டம், அது தலைமையோட பிழைன்னுதான் நான் நினைக்கிறேன், அத மூடி மறைக்க வேண்டியதில்ல. ஆனா எழுத படிக்க தெரியாத சனத்துக்கு அந்த கொஞ்ச காலத்துல குடும்பத்தோட கணக்கெடுத்தா 8 லட்சத்துக்கு மேல ஆளுங்களுக்கு மனு எழுதி குடுத்ததும் அதே ஆளுங்கதான். கிடைச்சது என்னவோ 1 லட்சத்து 34 ஆயிரம் பேர் அளவுக்குத்தான். ஊருக்கு ஒரு தடவை போய் வந்திருந்தா தள்ளுபடி, தேதி மாறுனா தள்ளுபடி. எங்க தாத்தா மனுவும் தள்ளுபடி. என்ன காரணம் தெரியுமா, அவரு பேரு தோட்டத்து பேர் பதிவான செக்ரோல்ல ஒரு மாதிரி, கல்யாண பதிவுல ஒரு மாதிரி, மனுவுல ஒரு மாதிரி இருந்துச்சாம். ராமசாமி, ராமையா, ராமன். மூணு பேருலயும் ஒரே மனுஷன்தான் விடிய விடிய மண்ண வெட்டுனாரு.

1960ல சிறிமாவோ அம்மா அரசாங்கம் அவர நியமன எம்.பி ஆக்குச்சு. வோட்டு இல்லாததால நியமனத்துல மட்டும்தான் உள்ள போக முடியும். இதுல ஒரு கசப்பான சங்கதி இருக்கு, அதையும் எழுதுங்க. 1964 ஒக்டோபர் 30ல ரெண்டு நாட்டு பிரதமருங்களும் போட்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் ஆச்சு. 9 லட்சத்து 75 ஆயிரம் பேர கூறு போட்டு 5 லட்சத்து 25 ஆயிரம் பேரு இந்தியாவுக்கு, 3 லட்சம் பேரு இங்கன்னு முடிவு பண்ணுனாங்க, மிச்சம் ஒன்றரை லட்சத்த அப்புறம் 1974ல ஆளுக்கு 75 ஆயிரம்னு பங்கு போட்டாங்க. அந்த சனத்தோட தலைவர் அதே பாராளுமன்றத்துல உக்காந்திருக்காரு, அவருகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. நியமனத்துல கிடைச்ச நாற்காலியோட பலம் எவ்வளவுன்னு அன்னைக்கு தெரிஞ்சு போச்சு. அவரு எதிர்த்தாரு. புதுசா பிரஜாவுரிமை கிடைக்கிறவங்கள தனி வாக்காளர் லிஸ்ட்ல போடலாம்னு ஒரு பேச்சு வந்தப்ப அதையும் ஒத்துக்கல, 1965ல டட்லி சேனநாயக்க பக்கம் சாஞ்சதுக்கு அதுவும் ஒரு காரணம். அந்த தனி லிஸ்ட் வராம போச்சு. இது எத்தனை பேருக்கு தெரியும்? அந்த லிஸ்ட் வந்திருந்தா இன்னைக்கும் எங்க புள்ளைங்க வேற வரிசையில நின்னு வோட்டு போடுவாங்க.

ஆனா ஒப்பந்தம் மாறாம அப்படியே இருந்துச்சு. எங்க பெரியப்பா இந்திய பிரஜாவுரிமைக்கு எழுதுனாரு, எங்க அப்பா இலங்கை பிரஜாவுரிமைக்கு எழுதுனாரு, ஒரே லயத்துல அடுத்தடுத்த காம்பரா. பெரியப்பா குடும்பம் போன நாள் எனக்கு நல்லா நினைவு இருக்கு. தலவாக்கலை ஸ்டேஷன்ல கோச்சி நிக்குது, சனங்க அந்த கோச்சிய ஒப்பாரி கோச்சின்னுதான் சொல்லுவாங்க, உள்ள இருக்கிறவங்களும் அழுவுறாங்க வெளிய நிக்கிறவங்களும் அழுவுறாங்க, தலைமன்னார் போய் கப்பல் ஏறி ராமேஸ்வரம். பெரியம்மா ஒரு தேயிலை கன்ன வேரோட புடுங்கி ஈர சாக்குல சுத்தி எடுத்துட்டு போனாங்க. நீலகிரி பக்கம் கூடலூர்ல திரும்பவும் தேயிலை தோட்டத்துலயே வேலை செஞ்சு அங்கயே செத்து போனாங்க. அம்மா அதுக்கப்புறம் அவங்கள பாக்கவே இல்ல.

1970ல இருந்து 77 வரைக்கும் அவருக்கு நியமனமும் இல்ல. 1972ல செல்வநாயகம், ஜி.ஜி. பொன்னம்பலம் கூட சேந்து தமிழர் கூட்டணிக்கு மூணு தலைவர்ல ஒருத்தரா இருந்தாரு, ஆனா 1976ல தனிநாடுன்னு தீர்மானம் வந்தப்ப அது மலையகத்துக்கு சரி வராதுன்னு விலகி நின்னாரு. அவரு சொன்னதுல உண்மை இருந்துச்சு, எங்கள சுத்தி சிங்கள கிராமம், நாங்க எங்க நாடு கேக்குறது. அந்த காலத்துலதான் காணி சீர்திருத்தம் வந்து தோட்டமெல்லாம் அரசாங்கத்துக்கு போச்சு, பஞ்சமும் வந்துச்சு. 73, 74ல எங்க வீட்டுல மரவள்ளி கிழங்கு கிடைச்சா அது விருந்து. பசியில செத்தவங்க எங்க தோட்டத்துலயே இருந்தாங்க. வேலிய தாண்டி வவுனியா பக்கம் போனவங்க எத்தனையோ குடும்பம்.

1977 மே மாசம் நுவரெலியா மாவட்டத்துல 7000 ஏக்கர் தோட்டத்த பிரிச்சு வெளி ஆளுங்களுக்கு குடுக்க போறாங்கன்னு அளக்க வந்தாங்க. சனங்க மறிச்சு நின்னாங்க. மே 11ல டெவன் தோட்டத்துல சிவனு லட்சுமணன சுட்டு கொன்னுட்டாங்க. எனக்கு அப்ப 16 வயசு, டெவன் எங்களுக்கு ரொம்ப தூரமில்ல. அன்னைக்கு யாரும் அடுப்பு பத்த வெக்கல. மலையகம் முழுக்க வேலைய நிறுத்துனாங்க, அந்த 7000 ஏக்கர் திட்டத்த கைவிட்டாங்க. இன்னைக்கு லயத்துல இருந்தாவது நாங்க அந்த மலையில இருக்கோம்னா அந்த தம்பி குடுத்த உசிரு அதுல இருக்கு, உங்க ரெண்டு பக்கத்துல அவரு பேரையும் ஒரு எடத்துல போட்டிருக்கலாம் ஐயா.

ரெண்டு மாசம் கழிச்சு ஜூலை எலக்சன்ல நுவரெலியா மஸ்கெலியா தொகுதியில மூணு பேர தேர்ந்தெடுத்தாங்க, காமினி திசாநாயக்க முதல், அநுர பண்டாரநாயக்க ரெண்டாவது, தொண்டமான் மூணாவது. 1947க்கு அப்புறம் 30 வருஷம் கழிச்சு சனங்க வோட்டு போட்டு ஜெயிச்சாரு. அப்பாவுக்கு அப்பவும் வோட்டு இல்ல. இருந்தும் வெடி வாங்க காசு குடுத்தாரு.

அடுத்த வருஷம் ஜே.ஆர். ஜெயவர்த்தன அரசாங்கத்துல கிராமிய கைத்தொழில் மந்திரி. இதுல இருந்து மிச்சத்த நீங்களே நல்லா எழுதியிருக்கீங்க, நான் ரெண்டு விஷயத்த மட்டும் சேர்க்குறேன்.

ஒண்ணு 1984 சம்பளம். அதுவரைக்கும் ஒரே மலையில ஒரே மழையில நின்னாலும் ஆம்பளைக்கு ஒரு சம்பளம் பொம்பளைக்கு அத விட குறைஞ்ச சம்பளம். தோட்டத்துக்கு வருமானம் குடுக்கிற கொழுந்து முழுக்க பொம்பளைங்க கையில வருது, பேர் போடுறப்ப மட்டும் அவங்க கீழ. ஏப்ரல்ல பெரிய வேலைநிறுத்தம் நடந்துச்சு, மத்த யூனியன்களும் சேந்து நின்னாங்க, ஆணுக்கும் பொண்ணுக்கும் ஒரே சம்பளம் ஆச்சு. அம்மா அந்த மாசம் சம்பளத்த கொண்டு வந்து சாமி படத்துக்கு முன்னால வெச்சிட்டு அப்பாவ கூப்பிட்டு, உங்களுதையும் பக்கத்துல வைங்கன்னாங்க. ரெண்டையும் பாத்துக்கிட்டே இருந்தாங்க. நான் அப்ப டீச்சர் வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான், அந்த முகத்த மறக்க மாட்டேன்.

ரெண்டாவது 1986 பிரார்த்தனை இயக்கம். 83ல தமிழருக்கு எதிரா நடந்த கலவரம் முடிஞ்சு மூணு வருஷம் கூட ஆகல. மலையகத்துலயும் கடை எரிஞ்சு, ஆளுங்க அடிபட்டு, சனங்க பயந்து கிடந்த நேரம். தெருவுல இறங்குனா என்ன நடக்கும்னு எல்லாருக்கும் தெரியும். அவரு என்ன செஞ்சாரு, தைப்பொங்கல் அன்னைக்கு தொடங்கி காலையில வேலைக்கு போகாம கோயில்ல உக்காந்து பிரார்த்தனை பண்ணுங்க, மத்தியானத்துக்கு மேல வேலைக்கு போங்கன்னு சொன்னாரு. எந்த சட்டத்துல சாமி கும்பிடுறத தடுப்பாங்க? எங்க மாரியம்மன் கோயில்ல அம்மாவும் அத்தைமாரும் கொழுந்து கூடைய வெளிய அடுக்கி வெச்சிட்டு உள்ள உக்காந்திருந்தாங்க. கொஞ்ச நாள்லயே அரசாங்கம் எறங்கி வந்துச்சு. இந்தியாவுக்குன்னு ஒதுக்குன 6 லட்சத்துல 5 லட்சத்து 6 ஆயிரம் பேருதான் மனு போட்டிருந்தாங்க, மிச்சம் 94 ஆயிரம் பேரு எந்த நாடும் இல்லாம இருந்தாங்க, அவங்களுக்கு இலங்கை பிரஜாவுரிமைன்னு 1986ல சட்டம் வந்துச்சு, 1988ல இன்னொரு சட்டம். முப்பத்து நாலு வருஷத்துக்கு முந்தி சத்தியாக்கிரகத்துல கிடைக்காதது கோயில் வாசல்ல கிடைச்சுது.

அப்பாவோட முதல் வோட்டு 1989 பாராளுமன்ற எலக்சன். தலை முழுக்க நரைச்சு போச்சு. வெள்ளை வேட்டி கட்டி, மை வெச்ச விரல மூணு நாள் கழுவாம வெச்சிருந்தாரு.

எனக்கு அவரு மேல வருத்தமும் உண்டு, அத சொல்லாம விட்டா இந்த கடிதம் பாதி உண்மைதான். 83ல சனங்க அடிபட்டப்பவும் மந்திரிசபையிலயே இருந்தாரு, எங்க மாமா அதுக்கப்புறம் சந்தாவ நிறுத்திட்டாரு, அப்பாவும் மாமாவும் ரெண்டு வருஷம் பேசல. வெளிய வந்திருந்தா 86 நடந்திருக்குமான்னு அப்பா கேப்பாரு, உள்ள இருந்து என்னத்த தடுத்தாருன்னு மாமா கேப்பாரு, எனக்கு ரெண்டு பேர் சொல்றதும் நியாயமாத்தான் படுது. இருபது வருஷத்துக்கு மேல மந்திரியா இருந்தாரு, ஜே.ஆர், பிரேமதாச, விஜேதுங்க, சந்திரிகான்னு நாலு ஜனாதிபதி மாறுனாங்க, லயம் மாறல. காணி உரிமை வரல. பிரதேச சபை காச தோட்டத்துக்குள்ள செலவு பண்ண முடியாதுன்னு 1987 சட்டத்துல இருந்தது 2018ல தான் திருத்துனாங்க, எங்க லயத்துக்கு வர்ற ரோட்டுக்கு ஒரு கூடை கல்லு கொட்ட முப்பது வருஷம் சட்டம் குறுக்க நின்னுச்சு. அவருக்கு அப்புறம் அடுத்த வரிசையில தொழிலாளி வீட்டு புள்ளைங்கள தலைவரா வளத்து விட்டிருக்கணும்னும் நான் நினைக்கிறேன், 1989ல சந்திரசேகரன் தனியா மலையக மக்கள் முன்னணின்னு போனதுக்கு பின்னால அந்த ஏக்கமும் இருந்துச்சு.

1999 ஒக்டோபர் 30ல அவரு காலமானாரு. 1964ல ஒப்பந்தம் போட்ட அதே ஒக்டோபர் 30, சரியா 35 வருஷம். அன்னைக்கு அம்மா சொல்லித்தான் எனக்கே அது உறைச்சுது. நாடற்றவங்கன்னு மிச்சம் இருந்த 1 லட்சத்து 68 ஆயிரம் பேருக்கு பிரஜாவுரிமை குடுத்த சட்டம் 2003ல வந்துச்சு, அத அவரு பாக்கல.

ஐயா, உங்ககிட்ட ஒண்ணு கேட்டுக்கிறேன். அடுத்த தடவை அவரு படத்த போடுறப்ப பக்கத்துல சனங்ககிட்ட இருக்கிற காகிதங்களையும் போடுங்க. பழைய சந்தா ரசீது, தள்ளுபடியான மனு, இந்திய பாஸ்போர்ட், பிரஜாவுரிமை கடிதம், கப்பல் டிக்கட்டு, இதெல்லாம் இன்னும் டிரங்கு பெட்டியில வெச்சிருக்கிற வயசானவங்க தோட்டத்துக்கு தோட்டம் இருக்காங்க, அவங்க போயிட்டா புள்ளைங்க குப்பையில போட்டுருவாங்க. வாசகர்கள அனுப்ப சொல்லி ஒரு அறிவிப்பு போடுங்க, வாரம் ஒண்ணு போட்டாலும் போதும். தோட்டத் தலைவரா இருந்தவங்க, மாதர் சங்க தலைவிமாரா இருந்தவங்க பேசுனத எழுதி வாங்குங்க. நோட்டு புத்தகத்தோட லயம் லயமா நடந்தது அவங்கதான்.

முதல் வாரத்துக்கு என்கிட்ட ஒண்ணு இருக்கு. அம்மா போன பிறகு அவங்க பெட்டியில எடுத்தேன், நாலா மடிச்சு மஞ்சளா போன சந்தா ரசீது. அம்மா பேரு அங்கம்மா. செக்ரோல்ல அங்காயி, ரேஷன் புத்தகத்துல அன்னம்மா, பிரஜாவுரிமை கடிதத்துல அங்கமாள். இந்த ரசீதுல பென்சில்ல, அங்கம்மான்னு சரியா எழுதியிருக்கு.

இப்படிக்கு
ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர்
தலவாக்கலை